லைஃப் ஜாக்கெட் நிறத்தில் ஒரு பாராசூட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை விட்டு வெயில் பழையபடி காயத் தொடங்கிய ஒரு ஜனவரிக் காலையில், போர்ட் பிளேருக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது இது. அன்று என் கையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால், நிலாவுக்கு ஆட்களை ஏற்றிப்போன ராக்கெட் மேலே கிளம்பும். அதாவது, அந்த ராக்கெட்டின் அச்சு அசலான சின்ன வடிவம். இடுப்பளவு உயரம். அட்டை, பிளாஸ்டிக், கொஞ்சம் பசை, அவ்வளவுதான். 

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேர் டாலிகஞ்சில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது நிக்கோபார் பக்கம் கட்சால் தீவில். அப்பா, அம்மா இருவரும் அங்கே அரசாங்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். சுனாமி வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. அதன் பிறகு நிவாரண கேம்ப், கேம்ப்புக்குப் பிறகு வேலை என்று போனதில் பள்ளிக்கூடம் அத்தோடு நின்றுவிட்டது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். "அலையைப் பார்த்த பிள்ளை, அதான் இப்படி" என்று சொந்தக்காரர்கள் பரிதாபப்படுவார்கள். உண்மையைச் சொன்னால், அலைக்கு முன்னாலும் நான் இப்படித்தான் இருந்தேன். கப்பலில் ஏறினால் உட்காரும் இடத்தைத் தேடமாட்டேன், லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புவேன். கடை ஷட்டரைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பேன்.

என் வீட்டுக்காரி வட அந்தமானில் திக்லிபூர்க்காரி. எனக்கு நேர் எதிர். "அந்தப் பூட்டைத் திருடன் உடைக்கப் போறதில்லைங்க. உங்க இழுப்புலதான் அது உடையும்" என்பாள்.

அவளுடைய பெரிய அண்ணன்தான், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், இந்தக் கதையின் நாயகன். வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் எலக்ட்ரீஷியனாக உலகம் சுற்றியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சர்க்கரை வியாதியால் வேலையை விட்டுவிட்டு, நாங்கள் கீழே இருக்கும் அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறார். சர்க்கரை முதலில் அவருடைய இடது கண்ணை எடுத்துக்கொண்டது. வலது கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. லேமினேஷன் ஷீட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் உள்ளே இருக்கும் எழுத்து எப்படித் தெரியும், அந்த மாதிரித்தான் தெரிகிறது என்று அவரே சொல்வார். சென்னையில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கிறோம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் அவர் சுவரைத் தடவிக்கொண்டே படியிறங்கி வந்தார். அக்குளில் ஒரு நீளமான அட்டைப்பெட்டி. மூலையெல்லாம் பழுப்பேறி, மேலே படம் வெளுத்துப் போயிருந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"மாப்ள, இதைக் கட்டு."

"என்ன மச்சான் இது?"

"ராக்கெட்டு. உள்ள துண்டு துண்டா இருக்கும், நாமதான் ஒட்டிச் சேர்க்கணும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு துறைமுகத்துப் பழைய சாமான் கடையில வாங்கினது. அப்பவே இது பழசு. இப்ப இந்தக் கிட்டெல்லாம் யாரும் செய்யறதில்ல. கப்பல் கப்பலாத் தூக்கிட்டுத் திரிஞ்சேன். அடுத்த லீவுல கட்டலாம், அடுத்த லீவுல கட்டலாம்னு போயிடுச்சு."

"நானா கட்டறது? மச்சான், நான் எட்டாங்கிளாஸு."

"பிளேடு பிடிக்க எந்தக் கிளாஸு வேணும்? நீ வெட்டினா கோடு நேரா இருக்கும். அது போதும். இது மேல போறதை நான் பார்க்கணும் மாப்ள. மெட்ராஸ் போறதுக்கு முன்னாடி. போயிட்டு வந்தப்புறம் எது தெரியும், எது தெரியாதுன்னு யாருக்குத் தெரியும்."

ஒரே ஒரு பெட்டி. தப்பாக ஒரு வெட்டு விழுந்தால் வேறு கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, இவரு ராக்கெட்டையும் இழுத்து இழுத்துப் பார்ப்பாரு. பரவால்லையா?"

"எனக்கு அந்த ஆளுதாம்மா வேணும்" என்றார் மச்சான்.

மேலே போவதற்கான மருந்து அடைத்த மோட்டாருக்கு எங்கே போவது என்று நான் கேட்டபோது அதற்கும் வழி வைத்திருந்தார். மெயின்லேண்டில் இப்படி மாதிரி ராக்கெட் விடுகிற ஒரு குழு, ஜனவரியில் கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்கு விட்டுக் காட்ட வருகிறதாம். மோட்டாரெல்லாம் முறைப்படி அனுமதி வாங்கிச் சரக்குக் கப்பலில் வருகிறதாம். குழுவுக்குத் தலைமை தாங்குகிற கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் மச்சான் போனில் பேசிவிட்டார். "அந்தக் கிட்டா, உங்ககிட்ட இருக்கா" என்று அந்தப் பெண் நம்பவே இல்லையாம். ராக்கெட் தங்களுக்குத் திருப்தியாக இருந்தால் கடைசியாக அதையும் விடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

கட்ட ஆரம்பித்தோம். வெளியே மழை கொட்டும். கடை மூடிய பிறகு சாயங்காலங்களில் மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்காருவோம். செய்முறை இங்கிலீஷில் இருந்தது. வீட்டுக்காரி பன்னிரண்டு படித்தவள், அவள் வாசிப்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று மச்சான் கையைக் காற்றில் அசைத்து விளக்குவார். நான் வெட்டி ஒட்டுவேன். அட்டைக் குழாய்க்குள் வளையங்கள் ஒட்ட வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிஜ ராக்கெட்டில் எந்த இடத்தில் இருந்தனவோ அதே இடத்தில் வர வேண்டும். ஓர் எழுத்துகூட இடம் மாறக் கூடாது. மச்சான் விரல் நுனியால் தடவிப் பார்த்து, "இந்த ஓரம் தூக்குது மாப்ள" என்பார். நான் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உண்மையாகவே தூக்கியிருக்கும்.

எங்கள் ஊர் ஈரத்தில் பசை காயாது. ஒட்டியதையெல்லாம் லேமினேஷன் மெஷின் பக்கத்தில் வைத்து அதன் சூட்டில் காயவைத்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள், "யே க்யா ஹை பாய்", இதென்ன என்று கேட்பார்கள். "ராக்கெட்" என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் என் பயம் சும்மா இருக்குமா. அட்டைதானே, ஊறிவிட்டால் என்ன செய்வது? இங்கே மழைக்கு முன்னால் வார்னிஷ் பூசாத பொருள் கிடையாது. கதவு, நாற்காலி, படகு எல்லாவற்றுக்கும் பூசுவோம். நானும் டிங்கிப் படகுக்கு அடிக்கிற வார்னிஷை வாங்கிவந்து அடித்தேன். ஒரு கோட் போதாது என்று இன்னொரு கோட். கீழ்ப் பக்கம்தான் தரையில் நிற்கும், ஈரம் ஏறும் என்று அங்கே மட்டும் இன்னும் ஒன்று. காய்ந்ததும் கண்ணாடி மாதிரி மின்னியது. மச்சான் தடவிப் பார்த்து, "சுறா முதுகு மாதிரி இருக்கு" என்று பாராட்டவும் செய்தார்.

கோயம்புத்தூர்ப் பெண் ஒரு சோதனை செய்து வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தார். ராக்கெட்டின் நடுவே கயிறு கட்டி, தலைக்கு மேலே சுற்ற வேண்டும். மூக்கு முன்னால் பார்த்தபடி சுற்றினால் நல்ல ராக்கெட். மாடியில் நின்று நான் சுற்றினேன், வீட்டுக்காரி படம் பிடித்தாள். ராக்கெட் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு சுற்றியது. எப்படிச் சுற்றினாலும் அப்படியே. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, இது மேல போகாது. கொஞ்ச தூரம் போயிட்டு, திரும்பி உங்களையே தேடி வரும்."

எனக்கு வேர்த்துவிட்டது.

"வால் ரொம்ப கனம் அண்ணா. என்ன பெயிண்ட் அடிச்சீங்க?"

"டிங்கி வார்னிஷ்ங்க."

"டிங்கின்னா?"

"படகுங்க."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. "அண்ணா, இது மிதக்க வேண்டாம். பறந்தா போதும்."

வீட்டுக்காரி அதைக் கேட்டுவிட்டாள். அதன் பிறகு ஒரு வாரத்துக்கு வீட்டில் என் பெயர் டிங்கி. நான் உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்தேன். கறுப்புக் கட்டங்களில் கீறல் விழாமல், அட்டை கிழியாமல், வார்னிஷை மட்டும் தேய்த்து எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்தவனுக்குத்தான் தெரியும். விரல் நுனி எரிந்தது. போதாததற்கு மூக்குக்குள் தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டு இரண்டை வைத்து ஒட்டினேன். மறுபடி மாடியில் சுற்றினோம். இந்த முறை ராக்கெட் மூக்கை நீட்டிக்கொண்டு, நாய் வேட்டைக்குப் போவது மாதிரி போயிற்று.

அடுத்த பயம் ரப்பர். மேலே போனதும் உள்ளே ஒரு சின்ன வெடி வெடித்து ராக்கெட் இரண்டாகப் பிரியும். மூக்குப் பகுதியில் பாராசூட் இருக்கும். மூக்கையும் உடம்பையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு ரப்பர் நாடா. அது பெட்டியோடு வந்தது. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரப்பர் வாசனையிலேயே வளர்ந்தவன் நான். முகர்ந்தால் வாசனையே இல்லை. விரலில் சுற்றிப் பார்த்தேன், மேலே முடி மாதிரி விரிசல். உயிர் போன ரப்பர். அறுந்தால் மூக்கு மட்டும் பாராசூட்டில் இறங்கும், உடம்பு கல் மாதிரி விழும்.

"ஒரிஜினல்ல கை வைக்காத மாப்ள" என்றார் மச்சான். அந்தப் பெட்டியில் வந்த ஒரு துண்டைக்கூட மாற்ற அவருக்கு மனசில்லை.

"கை வைக்கல மச்சான். ரப்பர் இருக்கட்டும். பக்கத்துல இதுவும் இருக்கட்டும்." சீலா மீன் பிடிக்கும்போது தூண்டிலுக்கு மேலே கட்டுகிற மெல்லிய கம்பியை அவர் கையில் கொடுத்தேன். மீன் கடித்தாலும் அறாது, வெடிச் சூட்டில் எரியவும் செய்யாது.

"எது மேலயும் உனக்கு நம்பிக்கையே கிடையாதா?"

"கிடையாது மச்சான்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, கட்டிக்கோ."

இவ்வளவும் சரியான பிறகு ஒரு நாள், மாடியில் மச்சானோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். நனைந்த லைஃப் ஜாக்கெட்டுகளை அவர் வீட்டு மதிலில் வரிசையாகக் காயப்போட்டிருந்தார். மச்சான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஜாக்கெட்டெல்லாம் காயுதா?" என்று கேட்டார்.

"தெரியுதா மச்சான்?"

"அது மட்டும்தான் தெரியுது. மத்ததெல்லாம் கஞ்சித்தண்ணி."

எனக்குள் எதுவோ கீழே விழுந்து உடைந்தது மாதிரி இருந்தது. ராக்கெட் வெள்ளை. வானம் வெள்ளை. பெட்டியில் வந்த பாராசூட்டும் வெள்ளை. எல்லாம் நல்லபடியாக நடந்து, கூட்டமே கைதட்டினாலும், யாருக்காக இதைக் கட்டினோமோ அவர் அதைப் பார்க்கப் போவதில்லை. இத்தனை நாள் ராக்கெட் விழுந்துவிடுமோ என்று பயந்தேனே ஒழிய, இதை யோசிக்கவே இல்லை.

மறுநாள் தெருக்கோடியில் போய் நின்றுகொண்டு, வீட்டிலிருந்து எடுத்துப்போன துணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். மச்சான் மாடியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துண்டு. தெரியவில்லை. வீட்டுக்காரியின் மஞ்சள் சேலை. தெரியவில்லை. சிவப்புப் போர்வை, ஏதோ கம்பு மாதிரி இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டு ஜாக்கெட்டைத் தூக்கினேன். உடனே அவர் கை நீண்டது. அந்த வழியாகப் போன ஒரு பெங்காலி அண்ணன், "ஜெராக்ஸ் கடைக்காரன் கொடி காட்டறான் பாரு" என்று இந்தியில் யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். போகட்டும்.

மாடிக்குப் போய் மச்சானிடம் நேராகச் சொன்னேன். பாராசூட்டை மாற்ற வேண்டும், ஆரஞ்சாக இருக்க வேண்டும்.

"ஒரிஜினல் வெள்ளைதானே மாப்ள."

"மச்சான், அச்சு அசலா இருக்கணும்னா கண்ணாடிப் பெட்டியில வெச்சுடலாம். இது நீங்க பார்க்கறதுக்குத்தானே விடறோம்?"

வாழ்க்கையில் அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் டீ டம்ளரைக் கையில் உருட்டினார். பிறகு, "பெருசா தைக்கச் சொல்லு" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பயணிகளுக்குக் கொடுக்கிற மெல்லிய ஆரஞ்சு மழைக்கோட்டு ஒன்றை வாங்கினோம். வீட்டுக்காரி வட்டமாக வெட்டித் தைத்தாள். காற்று அடித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடாமல் இருக்க நடுவே ஒரு ஓட்டை விடச் சொன்னேன். "பார்த்துப் பார்த்துத் தைக்கிறேன், அதுல ஓட்டை போடச் சொல்றாரு" என்று திட்டிக்கொண்டே போட்டாள். மடிப்பு ஒட்டாமல் இருக்க அவளுடைய முகப்பவுடரைத் தூவினேன். அதற்கும் திட்டு விழுந்தது.

அந்த நாள் வந்தது. மைதானத்தைச் சுற்றிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள். விமானம் எதுவும் வராத நேரமாகப் பார்த்து அனுமதி வாங்கியிருந்தார்கள். குழுவின் சின்னச் சின்ன ராக்கெட்டுகள் முதலில் போயின. கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். மச்சான் என் தோளில் கை வைத்து நின்றார். வெளியே எங்கே போனாலும் அவர் கை என் தோளில்தான் இருக்கும். ஒவ்வொரு ராக்கெட் சீறும்போதும் முகத்தைத் தூக்குவார், பிறகு தாழ்த்திக்கொள்வார். எதுவும் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவர் சொல்லவில்லை.

கடைசியாக எங்கள் ராக்கெட். அதைக் கொண்டுபோய் நிறுத்தியதும் கூட்டம் கொஞ்சம் அமைதியாயிற்று. அவ்வளவு அழகாக இருந்தது அது, நான் கட்டியது என்பதற்காகச் சொல்லவில்லை. கோயம்புத்தூர்ப் பெண் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு பொத்தான் பெட்டியை மச்சானிடம் நீட்டினார். மச்சான் அதை வாங்கி என் கையில் வைத்துவிட்டார்.

"எனக்கு இன்னிக்குப் பார்க்கற வேலைதான். அமுக்கறது உன் வேலை."

"மச்சான், நான் எப்படி..."

"கட்டினது யாரு?"

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "ஒரே ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்மா."

கூட்டத்தில் யாரோ சத்தமாக, "அரே பாய், சச்முச் சாந்த் தக் ஜா ரஹே ஹோ க்யா" என்றார்கள். நிஜமாகவே நிலாவுக்கா போகிறாய் என்று கேலி. எல்லோரும் சிரித்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரும்பி வந்தேன். எண்ணினார்கள். அமுக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

போயிற்று, எல்லாம் போயிற்று என்று தோன்றியது. அந்தப் பெண் சாதாரணமாக, "பத்த வைக்கிற கம்பி மட்டும் சதி பண்ணுது அண்ணா, மாத்திடலாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, போய் மாற்றிவிட்டு வந்தார். வீட்டுக்காரி என் பக்கத்தில் வந்து நின்று, "அமுக்குங்க. ஷட்டர்னு நெனச்சுக்கிட்டு அமுக்குங்க" என்றாள்.

அமுக்கினேன்.

சின்ன ராக்கெட்டுகள் மாதிரி இது பாய்ந்து போகவில்லை. முதலில் அடியில் புகை பொங்கிற்று. பிறகு யோசிப்பது மாதிரி ஒரு கணம் நின்று, அப்புறம் சீறிக்கொண்டு, நேராக, அசையாமல், நிஜ ராக்கெட் எப்படிப் போகுமோ அப்படி மேலே ஏறியது. கூட்டம் ஓவென்று கத்தியது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் முகம் கொஞ்சம் தள்ளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க மாப்ள?"

"மேல போகுது மச்சான். நேரா."

"சத்தம் கேக்குது. எங்க?"

சீறல் நின்றது. உச்சியில் அது ஒரு புள்ளியாகத் திரும்பியது. டப் என்று ஒரு சின்னச் சத்தம். இரண்டு துண்டுகள் தனித்தனியாகப் புரண்டு கீழே வருவது தெரிந்தது. பாராசூட் விரியவில்லை. ரப்பர், கம்பி, பவுடர், ஓட்டை என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அப்போது அது விரிந்தது. வெள்ளை வானத்தில் நட்ட நடுவே, பூ மாதிரி, ஆரஞ்சாக.

"அந்தா" என்றார் மச்சான்.

என் தோளிலிருந்து அவர் கை எடுபட்டு மேலே நீண்டிருந்தது. விரல் மிகச் சரியாக அதைத்தான் காட்டியது. "அந்தா இருக்கு மாப்ள. அந்தா இறங்குது." பாராசூட் காற்றில் ஒதுங்கியபோது விரலும் அதோடு ஒதுங்கியது. அது தாழ்ந்தபோது விரலும் தாழ்ந்தது. எங்கே என்று அவருக்குக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. என் பக்கத்தில் வீட்டுக்காரி இரண்டு விரலை வாயில் வைத்து விட்ட விசிலில் மைதானமே திரும்பிப் பார்த்தது.

மைதானத்தின் அந்தக் கோடியில், வாலிபால் கம்பத்துக்குப் பக்கத்தில் ராக்கெட் இறங்கியது. தரையில் காற்றில்லாததால் பாராசூட் அப்படியே புல்மேல் விரிந்து கிடந்தது. எல்லோரும் ஓடப் பார்த்தார்கள். அந்தப் பெண் கையை நீட்டித் தடுத்தார். ஏனென்றால் மச்சான் நடக்கத் தொடங்கியிருந்தார்.

தனியாக. கையில் கம்பு இல்லை, பிடித்துக்கொள்ளத் தோள் இல்லை. கண்ணை அந்த ஆரஞ்சு மேலே வைத்துக்கொண்டு, சின்னப் பள்ளங்களில் தடுக்கித் தடுக்கி, நிமிர்ந்து நடந்தார். விழுந்துவிடப் போகிறாரே என்று வழக்கம்போல் பயந்து நானும் பின்னால் ஓடினேன். ஆனால் பிடிக்கவில்லை. ஒரு கை தூரத்திலேயே போனேன். அவர் நேராகப் போய்க் குனிந்து, பாராசூட்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"மாப்ள, பார்த்தேன்டா" என்றார். அதுவரை அவர் என்னை 'டா' போட்டதில்லை.

ராக்கெட்டைத் தூக்கிப் பார்த்தேன். வாலில் இருந்த துடுப்புகளில் ஒன்று உடைந்திருந்தது. அந்தப் பழைய ரப்பர் நாடா நடுவில் அறுந்து இரண்டு பக்கமும் தொங்கியது. உடம்பு முழுவதையும் தாங்கிக்கொண்டு இருந்தது சீலாக் கம்பி. அதை எடுத்து மச்சான் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு நிற்கவே இல்லை. "எது மேலயும் நம்பிக்கை கிடையாது இவனுக்கு. நல்லவேளை" என்று கூடி நின்ற பிள்ளைகளிடமெல்லாம் சொன்னார். அவர்களும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பவுடர் டப்பா புதுசா வாங்கணும்" என்றாள்.

அடுத்த வாரம் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். ஆபரேஷனால் பார்வை கூடவில்லை. ஆனால் இருந்தது நின்றது. இன்றைக்கும் அவருக்கு ஆரஞ்சு தெரியும். அந்தப் பாராசூட்டை அவர் அறை ஜன்னலில் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறார். காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாராம். ராக்கெட் ஒட்டுப்போட்ட துடுப்போடு அலமாரியில் நிற்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் அது பறந்த கதையைச் சொல்வார். சொல்லச் சொல்ல அது பறக்கும் உயரம் கூடிக்கொண்டே போகிறது. நான் திருத்துவதில்லை.

நான் மாறிவிட்டேனா என்று கேட்டால், இல்லை. இன்று காலையிலும் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்க் கேஸைப் பார்த்துவிட்டுத்தான் கடை திறந்தேன். ஆனால் முன்பெல்லாம் என் பயத்தை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கும். இப்போது அது வந்து நெஞ்சை இடிக்கும்போதெல்லாம், ஒரு மனிதர் யார் கையையும் பிடிக்காமல் ஒரு மைதானத்தைக் கடந்து நடந்ததுதான் ஞாபகம் வருகிறது. அந்த ஒரு காலைக்காகவே, இந்தப் பயந்த மனசோடு பிறந்ததில் எனக்கு வருத்தமில்லை.